தரையில் கால் படாத வகுப்பு

பிளோராவைக் கூட்டிக்கொண்டு வருவதற்குத்தான் நான் தூத்துக்குடிக்குப் போனேன். அவள் என் தங்கை மகள். தங்கையை அந்த ஊரில் கட்டிக்கொடுத்தோம். நான் கொழும்பிலேயே பிறந்து கொழும்பிலேயே வாழ்க்கைப்பட்டவள். தங்கையும் போய்விட்டாள், அவள் வீட்டுக்காரரும் போய்விட்டார். பிளோராவுக்கு முப்பத்திரண்டு வயது. சின்னதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய்க் கட்டையாகிவிட்டது. கல்யாணம் கூடிவரவில்லை. என் வீட்டுக்காரர் இறந்தபிறகு நானும் தனி. இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்தால் என்ன என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவளுக்குக் கடவுச்சீட்டுகூட எடுத்தாயிற்று.

உண்மையைச் சொன்னால், அவளைவிட எனக்குத்தான் அவள் வேண்டியிருந்தாள். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள், நான் நின்றுகொண்டே இருப்பேன். அந்த வருஷம் எங்கள் ஊரில் ஒரு இறாத்தல் பாணுக்கு, இங்கே ரொட்டி என்கிறார்களே அதற்கு, விடிவதற்கு முன்பே வரிசை. வரிசையில் நிற்கலாம், முண்டுகிறவர்களைத் தட்டிக்கேட்க ஆள் வேண்டும். பிளோரா வாய்க்காரி. அவள் வந்தால் நான் வீட்டுக்குள் இருந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். வந்த வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கப்பலில் வாந்தி எடுத்தேன், பஸ்ஸில் தூங்கினேன். தூத்துக்குடியில் இறங்கியதும் கண்ணில் பட்டது லாரிகள்தான். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ரோட்டோரம் நிற்கிறவர்கள் தலையெல்லாம் வெள்ளைத் தூசி. வெயிலோ எங்கள் ஊர் வெயில் மாதிரி இல்லை. எங்கள் ஊரில் இப்படிக் காய்ந்தால் பின்னேரம் மழை வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே அந்தப் பேச்சே கிடையாது.

பிளோரா கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை வீட்டில் இருந்தாள். சுவரில் பாதி பின்னிய வலை தொங்கியது. அதுதான் அவள் பிழைப்பு. சாளை மீன் குழம்பும் சோறும் வைத்திருந்தாள். குழம்பில் தேங்காயை எங்களைப் போலப் பால் பிழிந்து விடாமல் அரைத்தே விட்டிருந்தாள். ருசியாகத்தான் இருந்தது. இரண்டு கவளம் உள்ளே போனதும் ஆரம்பித்தாள்.

“பெரியம்மா, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது.”

“சொல்லு.”

“நான் சைக்கிள் படிக்கேன்.”

எனக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீரைக் கொடுத்து உச்சியில் தட்டினாள்.

விஷயம் இதுதான். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு மருந்துச்சாலை. நடமாட முடியாத நோயாளிகளுக்கு, சுற்று ஊர்களுக்குப் போய் மாத்திரையும் மருந்தும் கொடுத்துவர ஒருவர் இருந்தார். அவர் துறைமுக வேலைக்குப் போய்விட்டார். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் அந்த வேலை உனக்குத்தான் என்று பெர்பெத்துவா சிஸ்டர் இவளிடம் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை சோதனை. மருந்துப் பெட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு பக்கத்து ஊரான மாப்பிள்ளையூரணி வரைக்கும் தனியாக ஓட்டிப்போக வேண்டும். சிஸ்டர் அங்கே நிற்பார்.

“தேறிட்டா நான் வரமாட்டேன் பெரியம்மா. தேறலைன்னா மறுபேச்சு பேசாம உங்க கூட வாரேன். சத்தியம்.”

 கொஞ்ச தூரம் நடந்தாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவள் சைக்கிளில் எங்கே போகப் போகிறாள்? சனிக்கிழமை முடியட்டும், செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாகக் கிளம்பலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் தெருக் குழாயில் சண்டை. எங்களுக்குப் பாண் வரிசை, இவர்களுக்குத் தண்ணீர் வரிசை. குடம் வரிசையில் நிற்கிறது, பெண்கள் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தியவளுடைய மூன்று தலைமுறையும் வெளியே வந்தது. பிளோரா அந்தச் சண்டையில் இல்லாமலே அதைத் தீர்த்துவைத்தாள். “ஏளா, ரெண்டு பேரும் கத்துறதுக்குள்ள கொழா நின்னுரும், பாத்துக்கோங்க” என்றாள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஒருத்தி எங்கள் தெருவுக்கு எவ்வளவு உதவி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவள் வலை கொடுக்கப் போனதும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வந்து சேர்ந்தேன் என்று கொழும்புக்கு ஒரு கடுதாசி போடலாமென்று கிளம்பினேன். தபாலாபீசுக்குப் போகிற பஸ் எது என்று கேட்கக் கூச்சம். எல்லாரும் ஏறின ஒன்றில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஊர் தாண்டிவிட்டது. உப்பளமும் தாண்டிவிட்டது. கண்டக்டர் வந்தார்.

“ஆச்சி, எங்கன போகணும்?”

“இந்த பஸ் போற எடத்துக்குத்தான்” என்றேன். வேறு என்ன சொல்ல?

அது திருச்செந்தூரில் போய் நின்றது. மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கூட்டம். நான் கழுத்தில் கிடந்த ஜெபமாலையை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் நின்றேன். மொட்டை அடித்த பிள்ளையை வைத்திருந்த ஒரு பெண், “தனியாவா வந்திருக்கீய? இந்தாங்க” என்று ஒரு சில்லுக்கருப்பட்டியை என் கையில் வைத்தாள். சுக்கு மணத்தோடு வாயில் கரைந்தது. அவள் பேர்கூட நான் கேட்கவில்லை. திரும்புகிற பஸ்ஸை யார் காட்டிக்கொடுத்தார்கள் தெரியுமா? மறுபடியும் அதே கண்டக்டர்தான். “ஆச்சி, போன எடம் போதுமா, இன்னும் போகணுமா?” என்று கேட்டுச் சிரித்தார். கடுதாசி என் பையிலேயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வகுப்பைப் பார்க்கப் போனேன். கடற்கரைப் பக்கம் கோயில் மைதானம். பாதி மண், பாதி மணல். நடுவில் ஒரு கம்பம். அதைச் சுற்றிச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் மாறிமாறி ஓட்டுகிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, கோயில் பெருக்குகிறவள் உண்டு. சூசை என்று ஒரு ஆள். சங்கு குளிக்கிறவன். ஆழத்தில் காது வெடித்து, கேட்கிற சக்தி போய்விட்டது. இனிக் கடலில் முங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், சைக்கிளில் மீன் விற்கப் போக வேண்டும் என்று வந்திருக்கிறான். தன் குரல் தனக்கே கேட்காததால் அவன் பேசுவதெல்லாம் கத்தல்தான்.

சொல்லிக்கொடுக்கிறவர் பாண்டி மாஸ்டர். ஊர் ஊராகப் போய்ச் சைக்கிள் சுற்றுகிறவர். மைதானத்தில் கம்பம் நட்டு, ரேடியோ செட் கட்டி, ஏழு நாள் இரவும் பகலும் இறங்காமல் ஓட்டுவார். சாப்பாடு அதிலேயே, குளிப்பு அதிலேயே, சவரமும் அதிலேயே. கோயில் திருநாளுக்கு வந்து சுற்றி முடித்தவர் காய்ச்சலில் விழுந்து மருந்துச்சாலையில் கிடந்திருக்கிறார். குணமானதும் சிஸ்டர், “போறதுக்கு முன்னால இந்த ஊர்ல சைக்கிள் தொடாத ஆட்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போ. யார் வந்தாலும் சேக்கணும், இவளுக்கு வராது, இவனுக்கு முடியாதுன்னு ஒருத்தரையும் அனுப்பக் கூடாது” என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக அவர் போகவில்லை.

அவருடைய சைக்கிள்களை நான் எங்கும் பார்த்ததில்லை. குட்டைக் குட்டையாக மூன்று. மட்காட் இல்லை, பெல் இல்லை, பிரேக் இல்லை. வித்தை காட்ட அதெல்லாம் பாரம் என்று கழற்றிவிட்டாராம். பிளோராவுக்காக இடது பெடலில் ஒரு மரக்கட்டை வைத்துக் கட்டி, கால் நழுவாமல் பழைய டியூப் ரப்பரால் ஒரு வளையம் போட்டிருந்தார்.

மாஸ்டர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்ள, பிளோரா ஏறி உட்கார்ந்தாள். அவர் கையை விட்டார்.

அதற்கப்புறம் பார்த்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் நொண்டி என்பதே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து நான் அவளுக்காகப் பட்ட வருத்தமெல்லாம் அந்த மண்ணில் உருண்டுபோகிற மாதிரி இருந்தது. ஈர மணலை மேடாகக் குவித்து அதன்மேல் ஒரு தோணிப் பலகையைச் சாய்த்துவைத்திருந்தார்கள். அவள் அதில் ஏறி, சைக்கிளோடு அந்தரத்தில் எழும்பி, அந்தப் பக்கம் மண்ணில் சக்கரம் பட ஓட்டிக்கொண்டே போனாள். 

மதில்மேல் உட்கார்ந்திருந்த இரண்டு தடியர்கள், “ஏலே, நொண்டி பறக்கா பாருல” என்றார்கள்.

பிளோரா சுற்றிக்கொண்டே, “செவத்துல குத்தவச்சிருக்கவனுக்கு என்னல பேச்சு? எறங்கி வந்து ஓட்டிக் காட்டு” என்றாள். அவர்கள் இறங்கவில்லை.

மாஸ்டருக்கு ஒரே சட்டம்தான். கைதட்டிக்கொண்டே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “கால் தரையில படக் கூடாது! கால் பட்டா தொழில் போச்சு!” யாருடைய காலாவது மண்ணில் உரசினால் எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். பிளோரா கால் ஒரு தடவைகூடப் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “எப்படி?” என்று கேட்டாள். “வெயில்ல கறுத்துப் போவே” என்றேன். கொழும்பில் என் வீட்டின் இரண்டாவது கட்டிலுக்கு நான் புதுப் பாய் வாங்கிப் போட்டுவிட்டு வந்திருந்தேன். அது என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

புதன்கிழமை அவள் நன்றாக ஓட்டினாள். வியாழக்கிழமை இன்னும் நன்றாக ஓட்டினாள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடைத்தெருவுக்குப் போய் மக்ரூன் வாங்கித் தின்றேன். முந்திரியும் முட்டையும் சீனியும்தான், கூம்பு கூம்பாக, நாக்கில் வைத்தால் காணாமல் போகும். கொழும்பு பேக்கரிகளில் இப்படி ஒன்று இல்லை. பெட்டி நிறைய வாங்கிப் போகலாம், பிளோரா தூக்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். உடனே பலகையில் பறந்தவள் நினைவு வந்தது. அப்படியே எழுந்து மைதானத்துக்குப் போனேன்.

அன்றைக்குத்தான் அதைக் கண்டேன்.

வகுப்பு முடிகிற நேரம். மாஸ்டர், “சரி, வா” என்று கை காட்டினார். பிளோரா வேகத்தைக் குறைத்து அவர் பக்கமாக வந்தாள். அவர் கேரியரைப் பிடித்து நிறுத்தினார். அவள் காலை ரப்பரிலிருந்து உருவி, அவர் தோளில் கை ஊன்றி இறங்கினாள். அடுத்து உப்பளத்துப் பெண். அவளையும் பிடித்தார், இறங்கினாள். கோயில் பெருக்குகிறவளை சூசை பிடித்தான். சூசையை மாஸ்டர் பிடித்தார். ஒருவர்கூடத் தானாக இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் பார்த்ததையெல்லாம் மனதில் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். ஒரு நாளும் ஒருத்தரும் தானாக இறங்கவில்லை. ஏற ஆள், இறங்க ஆள். நடுவில் சுற்றுகிறதுதான் வகுப்பு.

மாப்பிள்ளையூரணியில் யார் பிடிப்பார்?

இதை நான் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் நாலு பேர் இல்லை. அவளும் நானும்தான். ஆப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்து என் முன்னால் உட்கார்ந்து, “பெரியம்மா, என்ன பேசமாட்டேங்கீய?” என்று கேட்டாள். “ஆப்பம் நல்லாருக்கு” என்றேன்.

வெள்ளிக்கிழமை மருந்துச்சாலைச் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் சைக்கிள், பெரியது. பெல், பிரேக் எல்லாம் உண்டு. மாஸ்டர் மரக்கட்டையையும் ரப்பரையும் அதற்கு மாற்றிக் கட்டினார். பிளோரா கைப்பிடிக்குக் கீழே இருந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது எதுக்கு மாஸ்டர்?”

“அது பிரேக்கு. அமுக்குனா வண்டி நின்னுரும். நின்னா நீ விழுந்துருவ. அதனால அதத் தொடவே தொடாத.”

“சரி மாஸ்டர்.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய்வரைக்கும் வந்தது. அப்போது சூசை என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “அக்கா! நீங்க என்னத்தையோ சொல்ல வந்துட்டு முழுங்குதீய!” என்று கத்தினான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.  தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். அன்றைக்குச் சொன்ன ஜெபமாலையில் எத்தனாவது மணியில் இருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை. கேரியரில் மருந்துப் பெட்டி, உள்ளே கண்ணாடிப் போத்தல்கள். பிளோரா கஞ்சி போட்ட நீலச் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். மாஸ்டர் பிடித்தார், ஏறினாள். “பெரியம்மா, நீங்க வண்டில வாங்க. நான் முந்திருவேன்” என்றாள். மாஸ்டர் கையை விட்டார். பெல் அடித்துக்கொண்டே போய்விட்டாள்.

நான் ஒரு குதிரை வண்டி பிடித்தேன். வண்டிக்கார அண்ணாச்சி நல்ல மனிதர், குதிரைதான் சரியில்லை. ஊர் எல்லை தாண்டுகிற இடத்தில் கல் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. குதிரை நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டது.

“இது லாரியக் கண்டா அசையாதும்மா. போன வாரம் ஒரு கல்யாணப் பொண்ணையே எறக்கி நடக்க வச்சிட்டு.”

“கொஞ்சம் தட்டிப் பாருங்க அண்ணாச்சி.”

“தட்டுனா உக்காந்துரும்.”

முன்னால் லாரி, பின்னால் லாரி. இரண்டு பக்கமும் உடைமுள். பிளோரா இப்போது எங்கே போயிருப்பாள்? எங்கேயாவது விழுந்திருப்பாளா? போத்தல் உடைந்தால் வேலை போய்விடும், அவள் என்னோடு வந்துவிடுவாள். அதற்குத்தானே பேசாமல் இருந்தேன்?  நான் வண்டியிலிருந்து இறங்கி நடந்தேன். குதிரைக்கு என்ன தோன்றியதோ, அதுவும் என் பின்னாலேயே நடந்து வந்தது. “ஏறுங்கம்மா, ஏறுங்க, மனசு மாறுறதுக்குள்ள!” என்று அண்ணாச்சி கத்தினார்.

மாப்பிள்ளையூரணியில் ஒரு வேப்பமரத்தடியில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் பிளோரா சுற்றிக்கொண்டிருந்தாள்.

மரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிப்போயிருக்கிறது. சிஸ்டர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கையைக் காட்டுகிறார்.

“போதும் பிளோரா. நல்லா ஓட்டுற. இறங்கு.”

“இந்தா இறங்குறேன் சிஸ்டர்!” இன்னொரு சுற்று.

“இறங்கும்மா.”

“ஆமா சிஸ்டர்!” இன்னொன்று.

ஊர்க்காரர்கள் இதைத் திருநாள் வித்தை என்றே முடிவுகட்டிவிட்டார்கள். ஒருவர் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு கூடவே ஓடுகிறார். “எத்தன நாளு சுத்துவாவளாம்?” என்று ஒருத்தி கேட்டாள். “ஏழு நாளு. ரேடியோ செட்டு பின்னால வருதாம்” என்று இன்னொருத்தி சொன்னாள்.

அவள் கண் என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணில் சிரிப்பே இல்லை. கால் நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கால் ரப்பருக்குள் மாட்டிக்கிடந்தது. வலது கால் இன்னும் எத்தனை சுற்றுத் தாங்கும்?

நான் ஓடினேன். ஓடி எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியாது. ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. அவள் வளைந்து வரும்போது பின்னால் பாய்ந்து கேரியரைப் பிடித்தேன். அது நிற்கவில்லை, என்னை இழுத்துக்கொண்டு போனது. “ஏளா, நான்தான்! பிடிச்சிட்டேன்! மிதிக்காத!” என்று கத்தினேன். என் குரலா அது? மண்ணில் உட்கார்ந்தபடியே இழுபட்டுக் கடைசியில் சைக்கிள் நின்றது. அவள் காலை உருவி, என் தோளில் கை ஊன்றி இறங்கினாள்.

ஜனம் கைதட்டியது. “ஏலே, ஆச்சியும் கம்பெனி ஆளுதான்ல!” என்று ஒரு குரல்.

சிஸ்டர் எழுந்து வந்தார். முதலில் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு போத்தலும் உடையவில்லை. பிறகு பிளோராவைப் பார்த்தார்.

“உனக்கு இறங்கத் தெரியாதா?”

பிளோரா தலை குனிந்தாள். இரண்டு மாதமாக அவள் அதை யோசிக்கவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் அது இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

“மாஸ்டர் சொல்லிக்குடுக்கல சிஸ்டர். அவரு இறங்காத ஆளு” என்றேன். மண்ணிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் ஊரே நிற்கிறது. “எனக்கு வியாழக்கிழமையே தெரியும். நான் சொல்லல. இவ தோத்துட்டா எங்கூட கொழும்புக்கு வருவான்னு சொல்லல.”

பிளோரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சிஸ்டர் பெட்டியை மூடினார். பிறகு அவளிடம், “இவ்வளவு தூரம் லாரிக்கு நடுவுல ஒரு போத்தல் உடையாம வந்திருக்க. ஏறும்போது பிடிக்க எந்த வீட்லயும் ஒரு ஆள் கிடைக்கும். ஆனா நீ வந்து இறங்கும்போது பிடிக்க ஒவ்வொரு ஊர்லயும் நான் ஆள் வைக்க முடியாது” என்றார். “பெட்டி எங்கிட்டயே இருக்கட்டும். நான் ஏத்தி விடுதேன், நீ வீட்டுக்குப் போ. நாளைக்குப் பூசை முடிஞ்சு எங்கிட்ட வா. அழகா இறங்கினியான்னு கேக்கமாட்டேன். யாரும் பிடிக்காம இறங்கினியான்னு கேப்பேன். நீ சொல்லுறத நம்புவேன்.”

அவள் போனாள். நான் வண்டியில் திரும்பினேன். குதிரை அதன்பிறகு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நின்றால் தேவலாம் என்றிருந்தது.

வீட்டு வாசலில் சைக்கிள் படுத்துக்கிடந்தது. பிளோரா பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தோல் உரிந்திருந்தது.

“இறங்கிட்டியா?”

“விழுந்தேன். இது கணக்குல சேராது” என்றாள். குரல் தணிந்துதான் இருந்தது. “வியாழக்கிழம ஆப்பம் தின்னீயல்லா? அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

அவள் மறுபடி முழங்கையில் தண்ணீர் ஊற்றினாள். திட்டியிருந்தால் எனக்கு நல்லது.

விஷயம் கேள்விப்பட்டு மாஸ்டரும் சூசையும் வந்தார்கள். மாஸ்டர் முகம் கறுத்துப்போயிருந்தது. “எனக்கு அது தோணவே இல்லம்மா. ஏழாவது நாள் என்னய நாலு பேரு தூக்கித்தான் இறக்குவாங்க. கால் வெறச்சிப்போயிருக்கும். மாலையப் போட்டு அப்படியே படுக்க வச்சிருவாங்க. நானா இறங்கி வருசக்கணக்காச்சு” என்றார். சூசை வாயசைவைப் பார்த்துவிட்டு, “நான் வாடக சைக்கிள் எடுத்தா கடை வாசல் மணல்ல விழுந்துதான் இறங்குதேன்! எல்லாரும் அப்படித்தான்னுல்லா நெனச்சேன்!” என்று கத்தினான். பிளோராவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

சூசைதான் வழி கண்டுபிடித்தான். எல்லாரும் இடது பக்கம் இறங்குவார்கள், இவள் இடது கால் கட்டுக்குள் இருக்கிறது. “தோணியில இருந்து கரையில எறங்குத மாதிரி! பிரேக்க மெள்ள அமுக்கு, நிக்கப்போகும்போது வலது பக்கம் சாஞ்சு வலது கால வையி! இடது கால் அங்கனயே கெடக்கட்டும்!”

பிளோரா சைக்கிளை நிமிர்த்தினாள். ஏறுவதற்கு மட்டும் மாஸ்டர் பிடித்தார். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“பெரியம்மா, நீங்க இங்கன நில்லுங்க. நான் உங்க பக்கத்துலதான் இறங்குவேன். விழுந்தாலும் பிடிக்கக் கூடாது.”

அதுதான் அவள் எனக்குக் கொடுத்த தண்டனை என்று நினைக்கிறேன். மத்தியானம் முழுக்க நின்றேன். அவள் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருவாள், என் முன்னால் பிரேக்கை அமுக்குவாள், சாய்வாள், விழுவாள். என் கை தானாக முன்னால் போகும். “கைய எடுங்க!” என்பாள். கடைசியில் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டேன். அவள் முழங்கால் தோல் பெயர்ந்தது. சேலை கிழிந்தது. அண்டைவீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரும் உச்சுக்கொட்டவில்லை.

எத்தனாவது தடவையோ, வலது கால் தெரு மண்ணில் பதிந்தது. சைக்கிள் சாய்ந்து அவள் தொடையில் முட்டி நின்றது. அவளும் நின்றாள். குனிந்து இடது காலை ரப்பரிலிருந்து நிதானமாக உருவினாள். “கால் பட்டுட்டு மாஸ்டர்” என்றாள். மாஸ்டர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். என் விரல்களைப் பிரிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிஸ்டரிடம் அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கோயில் வாசலில் தள்ளியே நின்றேன். திரும்பி வரும்போது மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏற்றிவிட மாஸ்டரும் சூசையும் வந்தார்கள். மக்ரூன் பெட்டியை நானே மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது, உப்பு வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். பிளோரா வரவில்லை. அன்றைக்கு அவளுக்கு வேலை.